நரம்பின் சொத்தல்ல செமாஃபோரின்

செமாஃபோரின் என்பது ஒரு புரதக் குடும்பம். மனித உடலில் ஏறக்குறைய இருபது செமாஃபோரின்கள் உள்ளன. சில, செல்லின் மேற்பரப்பில் பதிந்து நிற்கும். சில, செல்லை விட்டு வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களை எட்டும். எட்டிய இடத்தில் அவை தீர்மானிப்பவை அடிப்படையானவை: ஒரு செல் எந்தப் பக்கம் நகரலாம், எங்கே நிற்க வேண்டும், எதைப் பற்றிக்கொள்ளலாம், எதை விட்டு விலக வேண்டும். கருவில் வளரும் நரம்பிழைகள் வழி தவறாமல் தங்கள் இலக்கைச் சேர்வதற்கு இவை தேவை. பாடநூல்களில் இவை இடம்பெறுவதும் அநேகமாக இந்த ஒரு காரியத்துக்காகத்தான். ‘நரம்பிழையை விலக்கும் வழிகாட்டிப் புரதம்’ என்ற வரையறையோடு நரம்பு வளர்ச்சி அத்தியாயத்துக்குள் வருகின்றன. அந்த அத்தியாயம் முடிந்ததும் காணாமல் போகின்றன. இதன் நீட்சியாக மருத்துவ வட்டாரத்தில் இன்னொரு எண்ணமும் நிலவுகிறது. ஒரு நோயில் ஒரு செமாஃபோரினின் அளவு கூடியிருந்தால் அது கெட்டது, அதைத் தடுக்க வேண்டும். குறைந்திருந்தால் அது நல்லது, அதைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த எண்ணம்.

இரண்டுமே தவறு. முதலாவது, முப்பது ஆண்டு காலச் சான்றுகளைப் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது, சான்றுகளைப் பார்த்துவிட்டு அவற்றைப் பிழையாக வாசிக்கிறது. தஞ்சாவூரிலும் காவிரிப் படுகையின் மற்ற நெல் வயல் ஊர்களிலும் மக்களைப் படுத்தும் நோய்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். யானைக்கால், சர்க்கரை நோயால் வரும் கண் பாதிப்பு, மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வு, வாய்ப்புற்று ஆகிய எதுவும் கருவில் நரம்பு வளர்வதைப் பற்றியதல்ல. ஆனால் இந்த நோய்கள் குடிகொள்ளும் திசுக்கள் ஒவ்வொன்றிலும் செமாஃபோரின்களுக்கு வேலை உண்டு.

நரம்புக் கருத்து எப்படி வேரூன்றியது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1992 இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கோரி குட்மன் ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸ் கொலோட்கினும் சகாக்களும் வெட்டுக்கிளியின் கருவை ஆராய்ந்தனர். முளைவிடும் காலில் முதன்முதலாகப் புறப்படும் நரம்பிழைகள் ஒரு குறிப்பிட்ட செல் பட்டையை அடைந்ததும் திரும்புகின்றன. அந்தப் பட்டையில் இருந்த புரதத்தை எதிர்ப்பொருளால் மறைத்தபோது இழைகள் வழி தவறின. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ரேப்பரின் குழு கோழிக்குஞ்சின் மூளையிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. இன்று செமா3ஏ என்று அழைக்கப்படுவது அதுதான்.

அந்தச் சோதனையை நுண்ணோக்கியில் பார்ப்பவர் எளிதில் மறக்க மாட்டார். கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பிழையின் நுனி அகல விரிந்து, மெல்லிய விரல்களை நாலாபுறமும் நீட்டித் தடவிக்கொண்டே முன்னேறும். புரதத்தைச் சேர்த்த சில நிமிடங்களில் விரல்கள் உள்ளிழுத்துக்கொள்ளும். விரிந்த பகுதி சுருங்கும். நுனி மெல்லிய தண்டாக மட்டும் எஞ்சி, அசைவற்று நிற்கும். இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு விளைவு, மற்ற எல்லா விளைவுகளையும் மறைத்துவிட்டது. புரதத்தை எங்கே முதலில் பார்த்தார்களோ, அதையே அதன் சொந்த வீடு என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கருத்துக்கு எதிரான முதல் சான்று, குட்மன் குழு இந்தக் குடும்பத்துக்குப் பெயர் சூட்டிய 1993 ஆம் ஆண்டு ஆய்வறிக்கையிலேயே இருந்தது. பெரியம்மை வைரஸ் வகையறாவின் மரபணுத் தொகுப்பிலும் செமாஃபோரினை ஒத்த வரிசை இருப்பதை அதே ஆய்வாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டினர். தஞ்சை மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பலரின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு வட்டப் பள்ளமாக இன்றும் இருக்கிறது. அந்த ஊசியில் இருந்தது வேக்சினியா வைரஸ். சென்னை மாகாணம் முழுவதற்கும் அந்த அம்மைப்பாலைத் தயாரித்தது கிண்டியில் உள்ள கிங் நிலையம். வேக்சினியாவின் சில ரகங்கள், தொற்றிய செல்லிலிருந்து ஒரு செமாஃபோரினைச் சுரக்கச் செய்கின்றன. அது வெள்ளணுக்களின் மேலுள்ள பிளெக்சின் சி1 என்ற ஏற்பியைப் பற்றுகிறது என்பது 1998 இல் நிறுவப்பட்டது. நரம்பே இல்லாத ஒரு வைரஸ், நரம்பை வழிநடத்தும் புரதத்தைத் தன் சின்னஞ்சிறு மரபணுத் தொகுப்பில் சுமந்து திரிய வேண்டிய அவசியம் என்ன? அது குறிவைப்பது உடலின் எதிர்ப்பு ஆற்றலை. எதிர்ப்புச் செல்கள் இந்த மொழியை முன்பே அறிந்திருந்தால்தான் வைரஸ் அதைப் பேசிப் பயன் உண்டு.

அவை அறிந்திருந்தன. டி செல்களின் மேற்பரப்பில் சிடி100 என்று எண்ணிடப்பட்டிருந்த மூலக்கூறு ஒரு செமாஃபோரின் என்று 1996 இல் தெரியவந்தது. அதுவே இன்றைய செமா4டி. அதை நீக்கிய எலிகளில் எதிர்ப்பொருள் உற்பத்தியும் டி செல்களின் தயார்நிலையும் குன்றுவதை ஜப்பானில் ஹிட்டோஷி கிகுடானி, அட்சுஷி குமனோகோ ஆகியோரின் குழு 2000 இல் காட்டியது. அதே 1996 இல், செமா3ஏ இல்லாத எலிகளை உருவாக்கியவர்கள் நரம்புக் கோளாறுகளோடு எலும்புக் கோளாறுகளையும் இதயக் கோளாறுகளையும் சேர்த்தே அறிவித்தனர். அதாவது, முதல் கண்டுபிடிப்புக்கு நான்கே ஆண்டுகளில் நரம்புக் கருத்து தன் எல்லையை இழந்துவிட்டது. அதற்குப் பிறகும் அது பாடநூலில் நீடிப்பதற்குக் காரணம் சான்றல்ல, பழக்கம்.

புரதம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலும் நரம்புக்கே உரியது என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. எல்லா செமாஃபோரின்களிலும் ஏழு இதழ்களாக மடிந்த ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி பிளெக்சின் எனப்படும் ஏற்பிகளைப் பற்றும். பாலூட்டிகளில் ஒன்பது பிளெக்சின்கள் இருக்கின்றன. நரம்பில் மட்டுமல்ல, இரத்த நாளத்தின் உட்சுவரிலும் எலும்பிலும் வெள்ளணுவிலும் சிறுநீரகத்திலும் அவற்றைக் காணலாம். செல்லைவிட்டு வெளியேறிச் செல்லும் மூன்றாம் வகுப்புச் செமாஃபோரின்களில் பெரும்பாலானவைக்கு நியூரோபிலின் என்ற துணை ஏற்பியும் வேண்டும். பிளெக்சின் தூண்டப்பட்டதும் செல்லுக்குள் நடப்பவை இரண்டு. செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகள் கலைகின்றன. செல்லைச் சுற்றுப்புறத்தோடு ஒட்டவைக்கும் இன்டெக்ரின்களின் பிடி தளர்கிறது. நகரும் செல், ஒட்டும் செல், வடிவம் மாற்றும் செல் எதுவானாலும் இந்த ஏற்பாடு அதற்குப் பொருந்தும். உடலில் அப்படி நகராத, ஒட்டாத திசு எது?

நியூரோபிலினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்த நாளங்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற காரணியும் இதே நியூரோபிலினைத்தான் பற்றுகிறது. 1998 இல் இது வெளிப்பட்டது. ஒரே ஏற்பியின் வாசலில் ‘வளர்’ என்ற குறிப்பும் ‘விலகு’ என்ற குறிப்பும் வந்து நிற்கின்றன. கண் நோயைப் பற்றிப் பேசும்போது இந்த உண்மை பெரிதாகும்.

விலக்கும் புரதம் என்ற அடைமொழியும் நிலைக்காது. செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவை உயர்த்தினால், செமா3ஏயைக் கண்டு விலகிய தவளை நரம்பிழை அதை நோக்கித் திரும்புகிறது. 1998 இல் வெளியான முடிவு இது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு முடிவு இன்னும் வியப்பானது. மூளைப் புறணியின் ஒரே நரம்புச் செல்லில், செமா3ஏ ஒரு முனையின் நரம்பிழையை விலக்குகிறது; மறுமுனையின் கிளை இழையைத் தன்பால் இழுக்கிறது. ஒரே செல், ஒரே புரதம், ஒரே நேரம், திசைதான் வேறு. இதைப் படித்த பிறகும் ஒரு செமாஃபோரினுக்கு ‘இதுதான் குணம்’ என்று முத்திரை குத்துவது முறையல்ல. காவிரி நீரை நல்ல நீர், கெட்ட நீர் என்று டெல்டா விவசாயி பிரிப்பதில்லை. நட்ட நாற்றுக்கு அது உயிர். கதிர் முற்றிய சம்பாவில் அதுவே தேங்கினால் நெல் சாய்ந்து வயலிலேயே முளைவிடும். பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. செமாஃபோரினிடமும் கேட்க வேண்டியது அதுவே: எந்தச் செல், எந்த ஏற்பி, எந்தக் கட்டம்?

இந்தக் கேள்வியோடு யானைக்கால் நோய்க்கு வரலாம். கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட நோய் இது. குலெக்ஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் சேரும் உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல் புழு, நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழ்கிறது. தேங்கிய சாக்கடை நீரில் அந்தக் கொசு பெருகும். ஊர் ஊராக ஆண்டுதோறும் அனைவருக்கும் டிஇசி மாத்திரையும், பின்னர் அதனுடன் அல்பெண்டசோலும் கொடுத்துப் பரவலை அடக்கிய திட்டம் தமிழகப் பொதுச் சுகாதாரத்தின் பெருமைக்குரிய சாதனை. ஆனால் பரவல் நின்ற பிறகும் வீங்கிய கால் வீங்கியபடியே இருக்கிறது. புழு போன பின் நோய் ஏன் போகவில்லை என்று கேட்டால், பார்வை புழுவிலிருந்து நாளத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

காலின் நிணநீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதைத் தள்ள இதயம் போன்ற உறுப்பு கிடையாது. நாளத்தின் சுவரிலுள்ள தசைச் செல்கள் சுருங்கி நீரை மேலே தள்ளுகின்றன. தள்ளிய நீர் திரும்பாதபடி சிறு சிறு இடைவெளிகளில் வால்வுகள் காவல் நிற்கின்றன. ஆரோக்கியமான நாளத்தில் வால்வு இருக்கும் இடத்தைத் தசைச் செல்கள் மூடுவதில்லை. அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வெறுமையாக விட வைப்பது யார் என்பதற்கு 2012 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைத் தந்தன. நிணநீர் நாளத்தின் உட்சுவர் செல்கள் சுரக்கும் செமா3ஏ, நியூரோபிலின்-1, பிளெக்சின் ஏ1 ஆகிய மூன்றின் கூட்டு அது. எலிகளில் இந்தக் கூட்டைக் குலைத்தபோது வால்வுகள் சிறுத்தும் உருக்குலைந்தும் அமைந்தன. தசைச் செல்கள் வால்வுப் பகுதியிலும் ஏறிப் படர்ந்தன. நிணநீரின் ஓட்டம் கெட்டது.

எலியில் கண்டது எலியில் கண்டதுதான். அதை அப்படியே கும்பகோணத்து நோயாளியின் காலில் ஏற்றிவிட முடியாது. யானைக்காலில் புழு தங்கிய நாளம் அகன்று தொய்கிறது, வால்வின் இதழ்கள் சேராமல் போகின்றன, தேங்கிய நிணநீரில் பாக்டீரியத் தொற்று திரும்பத் திரும்ப வந்து, காய்ச்சலும் நெறிகட்டலுமாகக் காலை மேலும் கெடுக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைக்கும் பராமரிப்பு அந்தக் காய்ச்சல்களைக் குறைக்கிறது. வால்வைத் திரும்பக் கட்டித் தருவதற்கு மட்டும் இன்னும் மருந்து இல்லை. அந்த மருந்தைத் தேடப் புறப்படுபவர் வால்வு எந்தக் குறிப்புகளால் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் குறிப்புகளில் ஒன்றை நரம்பு அத்தியாயத்தில் பூட்டி வைத்திருக்கும்வரை, நிணநீரைப் படிக்கும் மாணவர் அதைச் சந்திக்கப் போவதில்லை. நரம்புக் கருத்தின் உண்மையான விலை இதுதான். அது பொய் சொல்வதைவிட, பார்க்க வேண்டியவரின் பார்வையைத் திருப்பிவிடுகிறது.

கண்ணில் கதை மாறுகிறது, புரதம் மாறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2011 இல் தந்த முதல் கட்ட முடிவுகளில் தமிழகத்துப் பெரியவர்களில் 10.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 2023 இல் வெளிவந்த முழு முடிவுகளின்படி நாடு முழுவதும் 10 கோடிக்கும் அதிகமானோர் இந்நோயோடு வாழ்கின்றனர். மூன்று வேளையும் அரிசி உண்ணும் டெல்டா இதற்கு விலக்கல்ல. சர்க்கரை நோய் நாள்பட்டால் விழித்திரை பாதிக்கப்படும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் விவரங்களைக் கண் ஓவியங்களோடு பதிவு செய்ய வைத்தவர். அந்தத் தாள்கள் சரஸ்வதி மஹால் நூலகத்தின் செல்வங்களுள் ஒன்று. ஆனால் அவர் இறந்தது 1832 இல். உயிருள்ள கண்ணுக்குள் விழித்திரையைக் காட்டிய ஆஃப்தால்மாஸ்கோப் வந்தது 1851 இல். கண்ணின் முன்புறத்தை அவ்வளவு அக்கறையோடு வரைய வைத்தவரின் காலத்தில் இந்த நோயின் இருப்பிடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

விழித்திரை நோயைப் பற்றிய வழக்கமான விளக்கம் இரத்த நாளத்தையே சுற்றி வரும். சர்க்கரை நாளத்தைச் சிதைக்கிறது, ஆக்ஸிஜன் குறைகிறது, விஇஜிஎஃப் பெருகுகிறது, நாளம் கசிகிறது, முடிவில் புதிய, பலவீனமான நாளங்கள் முளைத்து இரத்தம் கொட்டுகிறது. விஇஜிஎஃபைத் தடுக்கும் ஊசி பலரின் பார்வையைக் காத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசி திரும்பத் திரும்பப் போட்டும் வீக்கம் முழுதாக வடியாத கண்களும் கணிசம். அங்கேதான் செமா3ஏ வருகிறது. கனடாவின் மொண்ட்ரியாலில் பிரெமிஸ்லாவ் சபியேஹாவின் குழு 2013 இல் காட்டியது இது: நோயின் தொடக்கத்திலேயே விழித்திரையின் நரம்புச் செல்கள் செமா3ஏயைச் சுரக்கின்றன, அது நியூரோபிலின்-1 வழியாக நாளச் சுவரை இளகச் செய்து கசிய வைக்கிறது. விழித்திரையின் மையப் பகுதியான மாகுலா வீங்கிய சர்க்கரை நோயாளிகளின் கண்ணை நிரப்பும் கண்ணாடி நீர்மத்திலும் செமா3ஏ கூடியிருந்தது.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2011 இல், மொண்ட்ரியாலிலிருந்தே நோயின் பிந்தைய கட்டத்தைப் பற்றிய முடிவு வந்திருந்தது. ஆக்ஸிஜன் இன்றித் தவிக்கும் விழித்திரைப் பகுதியின் நரம்புச் செல்கள் செமா3ஏயை வெளியிடுகின்றன. புது நாளம் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாமல் விலக்கப்படுகிறது. விலக்கப்பட்ட நாளம் வளர்வதை நிறுத்துவதில்லை; விழித்திரையை விட்டு வெளியேறி, இருக்கவே கூடாத கண்ணாடி நீர்மத்துக்குள் கிளைக்கிறது. பார்வையைப் பறிக்கும் இரத்தக்கசிவு அங்கிருந்துதான் வருகிறது. எலிக்குட்டிகளில் செமா3ஏ உற்பத்தியைக் குறைத்தபோது நாளங்கள் தவித்த பகுதிக்குள் திரும்ப வளர்ந்தன. வழி தவறிய கிளைகள் குறைந்தன. ஒரு நோயின் இரண்டு கட்டங்களில் ஒரே புரதம் இரண்டு வேலை செய்கிறது: முதலில் நாளத்தைக் கசிய வைக்கிறது, பிறகு நாளத்தை விரட்டுகிறது. அதே குடும்பத்தின் செமா3ஈ, பிளெக்சின் டி1 வழியாக, இந்தத் தவறிய நாளங்களை அடக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வொன்றும் 2011 இல் காட்டியது. குடும்பப் பெயரை வைத்து நன்மை தீமையைச் சொல்ல முடியாது என்பதற்கு ஒரே விழித்திரையில் இரண்டு சாட்சிகள்.

நரம்புக் கருத்தைக் காப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு வாதத்தை முன்வைக்கலாம். விழித்திரையில் செமா3ஏயைச் சுரப்பது நரம்புச் செல்தானே, ஆகவே இது நரம்பின் புரதம்தானே என்று. சுரப்பது யார் என்பது பாதி விடை. கேட்பது நாளம், கெடுவது நாளம். சுரப்பவரை மட்டும் வைத்துப் பெயரிட்டால் நோயின் பாதி கண்ணில் படாது.

சிறுநீரகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டியைத் தாங்கும் போடோசைட் செல்களில் செமா3ஏ மிகுந்தால் அவற்றின் கால் நீட்சிகள் சிதைந்து சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்பது எலிகளில் தெளிவு. சர்க்கரை நோயுள்ள எலிகளில் அந்தச் சிதைவு இன்னும் கடுமையாகிறது.

இதுவரை படித்தவர், செமா3ஏ கெட்ட புரதம் என்றும் அதை உடல் முழுக்க அடக்கிவிடலாம் என்றும் முடிவுகட்டினால் எலும்பு அதை மறுக்கும். டோக்கியோவில் ஹிரோஷி தகயனகியின் குழு 2012 இல் காட்டியபடி, செமா3ஏ எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி, எலும்பைக் கட்டும் செல்களைப் பெருக்குகிறது. ஒரே மூலக்கூறு இரு பக்கமும் எலும்புக்குச் சாதகமாக நிற்பது அரிது. எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது எலும்பு நிறை கூடியது. ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கும் வழிகளில் ஒன்று செமா3ஏ என்பதை அதே குழுவின் 2019 ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. மாதவிடாய் நின்ற பெண்களின் இரத்தத்தில் அதன் அளவு குறைந்திருந்தது. குடும்பத்தின் இன்னொரு புரதமான செமா4டி நேர் எதிர்: எலும்பைக் கரைக்கும் செல்கள் அதைச் சுரந்து, கட்டும் செல்களைத் தடுக்கின்றன. இது 2011 இல் வெளியானது. காலமெல்லாம் குனிந்து நாற்று நட்டு, ஐம்பது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்து படுக்கும் ஒரு பெண்ணுக்கு, அவரது கண்ணைக் காக்கும் பெயரில் உடலெங்கும் செமா3ஏயை அடக்கும் மருந்தைக் கொடுப்பது என்ன விளைவைத் தரும் என்பதை யாரும் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. அந்தப் பெண் ஒரே உடல். கண் சிகிச்சைக்கு ஒன்றும் எலும்பு சிகிச்சைக்கு ஒன்றுமாக இரண்டு உடல்கள் அவருக்கு இல்லை.

எலும்பை முன்னிறுத்தியே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எழுகிறது. அதற்கு நேர்மையாக விடை சொல்லியாக வேண்டும். 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நரம்புச் செல்களில் மட்டும் செமா3ஏயை நீக்கிய எலிகளுக்கும் எலும்பு நிறை குறைந்தது. எலும்பைக் கட்டும் செல்களில் மட்டும் நீக்கியபோது அப்படிக் குறையவில்லை. எலும்புக்குள் உணர்வு நரம்புகள் சரியாக நுழையாததே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே எலும்பு, இதயம், நாளம் என்று சொல்லப்படும் எல்லாமே நரம்பின் வழியாக வரும் எதிரொலிகள்தான் என்று வாதிட இடம் கிடைக்கிறது. எலும்பின் ஒரு பகுதிக்கு இது உண்மை, ஏற்க வேண்டியதுதான். ஆனால் முழு உடலுக்கும் இதை நீட்ட முடியாது. நரம்பே இல்லாத கண்ணாடித் தட்டில் எலும்புச் செல்கள் செமா3ஏக்கு நேரடியாக வினையாற்றுகின்றன. வயதான எலிகளில் எலும்புச் செல்வரிசையில் மட்டும் அதை நீக்கினாலும் எலும்பு தேய்கிறது என்பதைப் பின்னாளைய 2019 ஆய்வு காட்டியது. டி செல்லும் பிற வெள்ளணுக்களும் எந்த நரம்பின் ஆணைக்கும் காத்திராமல் செமா4டியைப் பயன்படுத்துகின்றன. நிணநீர் வால்வில் சுரப்பவரும் கேட்பவரும் இருவருமே நாளத்தின் செல்கள்.

புற்றுநோய் இந்த விவாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. கும்பகோணத்துக் கொடிக்கால் வெற்றிலை பெயர்பெற்றது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கும் வழக்கம் வாய்ப்புற்றுக்கு இட்டுச் செல்கிறது. புகையிலை சேராத பாக்கும் புற்று விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுகளில் செமா4டி பெருகியிருப்பதும், அது பிளெக்சின் பி1 வழியாக இரத்த நாளங்களைக் கட்டியை நோக்கி இழுப்பதும் 2006 இல் காட்டப்பட்டன. இங்கே வழிகாட்டிப் புரதம் நாளத்தை விரட்டவில்லை, அழைக்கிறது. மாறாக, நுரையீரல் புற்றில் மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதி அடிக்கடி அறுந்துபோகிறது. அங்கே இருக்கும் செமா3பி, செமா3எஃப் இரண்டும் புற்றை அடக்குபவை. செமா3ஈயின் நடத்தை இரண்டையும் விட விந்தையானது. முழுமையாக இருக்கும்போது அது நாள வளர்ச்சியை அடக்குகிறது. ஃபியூரின் என்ற நொதி அதை வெட்டிய பின், வெட்டுப்பட்ட துண்டு புற்றுச் செல்களைப் பரவத் தூண்டுகிறது. ஆய்வக அறிக்கையில் ‘செமா3ஈ அதிகம்’ என்று ஒரு வரி வந்தால், அது எந்த வடிவம் என்று சொல்லாதவரை அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

கூடினால் தடு, குறைந்தால் கொடு என்ற கணக்கு மனிதரிடம் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. செமா4டியைத் தடுக்கும் பெபினமாப் என்ற எதிர்ப்பொருள், மூளைச் செல்களைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயின் ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்குத் தரப்பட்டது. எலிகளில் வந்த முடிவுகள் நம்பிக்கை அளித்திருந்தன. சிக்னல் என்று பெயரிடப்பட்ட அந்தப் பரிசோதனையின் முடிவு 2022 இல் வெளியானபோது, முதன்மை இலக்குகள் எட்டப்படவில்லை. மூளையின் சர்க்கரைப் பயன்பாடு போன்ற சில அளவைகளில் மட்டும் மாற்றம் தெரிந்தது. மருந்து புரதத்தைச் சரியாகவே பற்றியது. பற்றுவது மட்டும் போதவில்லை. விஇஜிஎஃபைத் தடுத்து வென்றோமே என்று இதற்கு எதிர்வாதம் சொல்வோர், அந்த வெற்றி கண்ணுக்குள் நேரடியாகப் போடும் ஊசியால், நோயின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது ‘கெட்ட புரதம்’ என்ற கருத்தின் வெற்றி அல்ல. இடமும் காலமும் அறிந்து தலையிட்டதன் வெற்றி.

பாடம் நடத்த எளிய வரையறை வேண்டும் என்பது நரம்புக் கருத்தின் கடைசிப் புகலிடம். எளிய வரையறை வேறொன்று இருக்கிறது, அது உண்மையாகவும் இருக்கிறது: செல்கள் நகர்வதையும் ஒட்டுவதையும் பிளெக்சின் வழியாகக் கட்டுப்படுத்தும் புரதக் குடும்பம் செமாஃபோரின். நரம்பு அதன் முதல் உதாரணமாக வரட்டும். அடுத்த உதாரணமாக நிணநீர் வால்வும், அதற்கடுத்து விழித்திரையும் வந்தால் பாடத்தில் ஒரு பக்கம் கூடுமே தவிர, மாணவருக்குச் சுமை கூடாது.

மருத்துவத்தில் இதன் பொருள் நேரானது. இரத்தத்தில் ஒரு செமாஃபோரினின் அளவை மட்டும் எடுத்து நோயைக் கணிப்பது போதாது; கண்ணுக்குள் உள்ள அளவும் இரத்தத்தில் உள்ள அளவும் வெவ்வேறு செல்களின் கதையைச் சொல்கின்றன. மருந்து எந்த உறுப்பில் தங்க வேண்டும், எந்த உறுப்பை எட்டக் கூடாது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். விழித்திரையின் செமா3ஏயைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்று, சர்க்கரை நோயால் மாகுலாவின் நுண்நாளங்கள் அடைபட்டவர்களிடம் இப்போது மனிதப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. கண்ணுக்குள் செலுத்தப்படுவதால் அதன் வேலை பெரும்பாலும் கண்ணோடு நிற்கும். எலும்பின் செமா3ஏயும் நிணநீர் வால்வின் செமா3ஏயும் தத்தம் வேலையைத் தொடரலாம். நாளங்கள் இன்னும் திரும்ப வளரக்கூடிய கட்டத்தில் உள்ள கண்களை, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்ட கண்களிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அத்தகைய சிகிச்சைக்கு முன்னுள்ள வேலை.